அப்பா தப்பாகப் படித்த வரி

சி.இ.டி. ரிசல்ட் தாளில் ஒரே ஒரு ரேங்க்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் அந்தப் பரீட்சையை எழுதாதவர்கள். கர்நாடகத்தில் பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினியரிங் போக நினைக்கிறவர்கள் எழுதும் நுழைவுத் தேர்வு அது. என்னைப் போல உயிரியலும் சேர்த்து எழுதியவர்களுக்கு இன்ஜினியரிங்குக்கு ஒரு ரேங்க், விவசாயப் படிப்புக்கு ஒன்று, கால்நடை மருத்துவத்துக்கு ஒன்று, பார்மஸிக்கு ஒன்று என்று வரிசையாக வரும். இன்ஜினியரிங் கேட்பவர்களுக்கு அவற்றில் ஒரு வரிதான் கணக்கு. மற்றவை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்பா என் ரேங்க்கைக் கேட்டபோது அந்த மற்றவற்றில் ஒன்றைத்தான் நான் சொன்னேன்.

அது பொய் என்று ஒத்துக்கொள்ளவே எனக்குப் பல வருடம் ஆனது. தாளில் அச்சடித்திருந்த எண்ணைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே வக்கீலாக இருந்து வாதாடிக்கொண்டிருந்தேன்.

அப்பா பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி, இரண்டு மணி நேரம் ரயிலில் போய், சாயங்காலம் அதே போலத் திரும்புவார். எங்கள் ஊரான தங்கவயலில் இது ஒன்றும் அதிசயமில்லை. தாத்தா தலைமுறை கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியது. சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா தலைமுறை ரயிலேறி பெங்களூருக்குப் போனது. இன்றைக்கும் அப்பா வேலைக்குப் போவதை ‘ஷிப்டுக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார்.

தினமும் ஒரே பெட்டியில், ஒரே இடத்தில், ஒரே ஆட்களோடு போனால் அது ஒரு தெரு மாதிரி ஆகிவிடும். அப்பாவின் பெட்டியில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் ஒரு செட்டு. ரயில் புறப்படும் மாரிகுப்பத்தில் முதலில் ஏறுகிறவர் மற்றவர்களுக்குத் துண்டு போட்டு இடம் பிடிப்பார். அங்கே அப்பாவுக்கு ஒரு மரியாதை இருந்தது. படித்தது எஸ்.எஸ்.எல்.சி.தான். ஆனால் எந்த ஃபாரத்தைக் கொடுத்தாலும் பூர்த்தி செய்துவிடுவார். பென்ஷன் ஃபாரம், பி.எஃப். ஃபாரம், ரேஷன் கார்டு திருத்தம் எல்லாம் அவர் மடிக்கு வரும். நாள் முழுக்க ஸ்டோரில் எண்களைப் பார்த்து எழுதுகிற மனிதர். ஒரு போல்ட்டின் நம்பரில் கடைசி எழுத்து மாறினாலும் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவருடைய கம்பெனியில் சொல்வார்களாம்.

அந்தப் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பிள்ளையாவது பெரிய பரீட்சை எழுதப்போகிறது என்றால், அதைப் பெட்டியே சேர்ந்து படிக்க வைக்கும். பிள்ளைக்குத் தெரியாத கணக்கை அப்பனோ அம்மாவோ காலையில் மடித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். பெட்டியில் விஷயம் தெரிந்தவர்கள் போட்டுக் கொடுப்பார்கள். விமானத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவர் இருந்தார், நான் நெட்டை அங்கிள் என்பேன். அவர் கணக்கும் இயற்பியலும் பார்ப்பார். ஊர்காமில் ஏறுகிற பேங்க் ஆன்ட்டி வேதியியல். பங்காரப்பேட்டையில் தொடங்கினால் ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் நாலைந்து கணக்கு முடிந்துவிடும். ஓடுகிற ரயிலில் எழுதியதால் எழுத்தெல்லாம் ஆடியாடி இருக்கும்.

நான் இரண்டாம் பி.யூ.சி. படித்த வருடம் பெட்டியின் பிள்ளை நான்தான்.

அப்பா சாயங்காலம் வந்து கால் கழுவியதும் கேட்கும் முதல் கேள்வி, “இன்னா பாப்பா, நாளைக்கு இன்னா குடுக்கப்போற?” என்பதுதான். எனக்கு எரிச்சலாக வரும். என் வகுப்பில் இரண்டு பெண்கள் சனி ஞாயிறில் பெங்களூருக்குக் கோச்சிங் போனார்கள். அவர்களுக்கு ஏசி அறை, அட்டை போட்ட பளபளப்பான புத்தகம். எனக்கோ சாம்பார் வாசனையோடு டிபன் பையிலிருந்து வரும் காகிதம். யாராவது கேட்டால் என்னவென்று சொல்வது? என் அப்பா என் சந்தேகங்களை ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்றா? அப்போது எனக்கு வெட்கம் அதைப் பற்றித்தான் இருந்தது. வெட்கப்பட வேண்டியது எது என்று தெரியாத வயசு என்று சொல்லித் தப்பிக்கலாம். பதினேழு வயசுக்கு அது தெரியும்.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், கைடைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்திலிருந்து ஐந்து கணக்கைக் காப்பியடித்துக் கொடுத்துவிடுவேன். அவை என் சந்தேகங்களே இல்லை. சந்தேகம் வர வேண்டுமானால் முதலில் படித்திருக்க வேண்டும். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்தக் கணக்குகள் விடையோடு வரும். சில தாள்களின் ஓரத்தில் நெட்டை அங்கிள், “இது அடிக்கடி வரும், மூணு தடவை போட்டுப் பார்” என்று எழுதியிருப்பார். நான் தலையாட்டி வாங்கி, கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்பு டப்பாவில் போட்டுவிடுவேன். டப்பா நிறைந்ததும் இன்னொரு டப்பா.

“புரிஞ்சிச்சா?” என்று அப்பா கேட்பார்.

“புரிஞ்சிதுப்பா.”

“அவரண்ட சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

இப்படியே எட்டு மாதம் ஓடியது.

என்ன ரேங்க் வேண்டும் என்பதையும் பெட்டிதான் முடிவு செய்திருந்தது. ஐம்பதாயிரத்துக்குள் வந்தால் அரசு ஒதுக்கீட்டில் பெங்களூரில் ஒரு நல்ல கல்லூரி கிடைக்கும், ஒயிட்ஃபீல்டு பக்கமாகக் கிடைத்தால் அப்பாவோடு அதே ரயிலில் போய்வரலாம், ஹாஸ்டல் வேண்டாம். இதுதான் திட்டம். எங்கள் வீட்டில் இதற்கு மாற்றுத் திட்டம் எதுவும் கிடையாது. தனியார் சீட்டு என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஐம்பதாயிரம் என்ற அந்த எண்ணை அம்மாகூட மனப்பாடமாக வைத்திருந்தாள்.

பரீட்சை எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்லூரியில் நடந்தது. இயற்பியல் தாளில் உருளும் சக்கரத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கைடிலிருந்து நானே காப்பியடித்துக் கொடுத்த கணக்கு அது. விடை இரண்டாவது டப்பாவில் எங்கேயோ இருந்தது, ஓரத்தில் ‘அடிக்கடி வரும்’ என்ற குறிப்போடு. எனக்கு நினைவிருந்தது அந்தக் குறிப்பு மட்டும்தான். கடைசியில் ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினேன். அன்றைக்கு அப்படிக் கறுப்பாக்கிய வட்டங்கள் நிறைய.

ரிசல்ட் வந்தபோது மாலை ஐந்தரை இருக்கும். போனில் பார்த்தேன். இன்ஜினியரிங் வரியில் இருந்த எண் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. கீழே விவசாயப் படிப்பு வரியில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை, பயம்தான் வந்தது. அப்போது அப்பாவின் போன் வந்தது. திரும்பும் ரயிலில் இருந்தார். பின்னால் பெட்டியின் இரைச்சல் எல்லாம் கேட்டது.

“வந்துச்சா பாப்பா? எவ்ளோ?”

அவர் கேட்டு முடித்ததும் அந்த இரைச்சல் அடங்கிவிட்டது. பெட்டியே காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன்.

“நாப்பத்தோராயிரத்துச் சொச்சம்ப்பா.”

அப்பா அதை அப்படியே திருப்பிச் சத்தமாகச் சொன்னார். போனில் கைதட்டல் கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள். பேங்க் ஆன்ட்டி போனை வாங்கி, “நம்ம பெட்டி மானத்த காப்பாத்திட்டம்மா” என்றார். நான் தேங்க்ஸ் ஆன்ட்டி என்றேன். ஆமாம், தேங்க்ஸ் என்றுதான் சொன்னேன்.

அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். பெட்டிக்காரர்கள் சேர்ந்து எனக்கு ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தனுப்பிய நாளிலாவது சொல்லியிருக்கலாம். நான் அதை வாங்கி, பொத்தான்களை அழுத்திப் பார்த்து, நல்லா இருக்குதுப்பா என்றேன். கவுன்சிலிங்கில் எப்படியும் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்குள் ஏதாவது நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். என்ன நடக்கும் என்று நினைத்தேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு பெங்களூர் போக வேண்டிய நாள் வந்தது. தாள்களை பிரின்ட் எடுத்து ஃபைலில் அடுக்கியது நான்தான், அப்பா பிரித்துப் பார்க்கவில்லை. அப்பா லீவு போட்டு என்னை அதே ரயிலில், அதே பெட்டியில் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலோர இடத்தை எனக்காகத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். சட்னியோடு இட்லி வந்தது. ஒருவர் எனக்குப் பேனா கொடுத்தார். என் முகத்தைப் பார்த்து, பயப்படாதே என்று ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள்.

பங்காரப்பேட்டை தாண்டியதும் நெட்டை அங்கிள் ஒரு தாளை எடுத்தார். எந்த ரேங்க்குக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று போன வருடத்து விவரங்களைப் பார்த்து அவரே ஒரு பட்டியல் தயார் செய்திருந்தார்.

“ரேங்க் ஷீட்ட குடும்மா, சரியான நம்பர வெச்சிப் பாத்துடலாம்.”

“அது பைக்கு அடியில இருக்குது அங்கிள், அப்புறம் எடுக்கறேன்.”

“நான் எடுக்கறேன் இரு” என்று அப்பா எழுந்து, மேலிருந்த ஃபைலை இறக்கி, தாளை உருவி அவரிடம் கொடுத்துவிட்டார். அத்தனை பெருமையோடு கொடுத்தார்.

நெட்டை அங்கிள் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அப்பாவிடம் மெல்லச் சொன்னார்.

“ணா, நீங்க சொன்ன நாப்பத்தோராயிரம் அக்ரிக்குண்ணா. இன்ஜினியரிங் ரேங்க் மேல கீது பாருங்க. ஒரு லட்சத்துக்கு மேல.”

மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு விரலை முதல் வரியில் வைத்து, அங்கிருந்து கீழே கொண்டுவந்து, அந்த எண்ணில் நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். டேக்கல் ஸ்டேஷன் போய்க்கொண்டிருந்தது.

“அய்யோ” என்றார் அப்பா. “நாந்தாம்பா தப்பா படிச்சிட்டேன். அவ சரியாத்தான் குடுத்தா. நான் ஒரு வரி தள்ளிப் பாத்துட்டு உங்களண்ட சொல்லிட்டேன்.”

சிலர் சிரித்துவிட்டார்கள். சங்கடத்தில் வந்த சிரிப்புதான். “இன்னாண்ணா நீங்க, ஊர் ஃபாரத்த எல்லாம் நிரப்பறீங்க, இத பாக்க மாட்டீங்களா?” என்று ஒருவர் கேட்டார். பேங்க் ஆன்ட்டி என் முதுகைத் தடவி, பாவம் பொண்ணு, அதுக்குத்தான் காலையிலேர்ந்து முகம் வாடி இருந்துச்சா என்றார். அன்றைக்குப் போனில் ஆன்ட்டியிடம் தேங்க்ஸ் சொன்னவள் நான். அந்தப் போன் பேச்சு ஆன்ட்டிக்கும் மற்றவர்களுக்கும் நினைவில்லையா, நினைவிருந்தும் வேண்டாமென்று விட்டார்களா, தெரியாது. அப்பா வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலூர் வந்தது, ஒயிட்ஃபீல்டும் வந்தது. பேசவில்லை.

இன்ஜினியரிங் கிடைக்கவில்லை. தங்கவயலிலேயே பி.எஸ்ஸி. சேர்ந்தேன். வீட்டில் அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. அம்மாவிடமும் தான் தப்பாகப் பார்த்ததாகவே சொல்லியிருந்தார். அம்மா அவரை ஒரு வாரம் திட்டினாள். அதையும் கேட்டுக்கொண்டு நான் பக்கத்து அறையில் படுத்திருந்தேன்.

படிப்பு முடிந்து எனக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது. அதே ரயில். முதல் ஒரு வருடம் பெண்கள் பெட்டியிலேயே போனேன். காரணம் கூட்டம் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் ஓடிவந்து ஏறும்போது கைக்குக் கிடைத்தது அப்பாவின் பெட்டி. உள்ளே போனதும் யாரோ கூப்பிட்டது கேட்டது: “இன்னா லட்சாதிபதி, பொண்ணு வந்துகிதே, இடம் குடுக்கறதில்லயா?”

லட்சாதிபதி என்றது அப்பாவை. ஒரு லட்சத்தைத் தாண்டிய ரேங்க்கை நாற்பதாயிரம் என்று படித்தவர் என்பதால் வந்த பெயர். அப்போதே ஐந்து வருடமாகிவிட்டிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காரணம்கூடத் தெரியாது, ஆனாலும் அப்படியே கூப்பிட்டார்கள். அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு அம்மா பென்ஷன் ஃபாரத்தை எடுத்து அப்பா பக்கம் நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “அவரண்ட குடுக்காதீங்கம்மா, வரி மாத்திடுவாரு” என்று சொல்லி வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்த மடியில் ஃபாரம் வருவது நின்று எத்தனை வருடமாயிற்று என்று கேட்க எனக்குத் துணிவில்லை. எண் தப்பாத மனிதரை என் ஒரு வாய்ச்சொல் அந்தப் பெட்டியில் அப்படி ஆக்கியிருந்தது. எனக்கு அங்கேயே இறங்கிவிடலாம் போல இருந்தது. ஆனால் இறங்கவில்லை. அவர் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தேன்.

போன மாதம் அப்பா ஓய்வு பெற்றார். கடைசி நாள் காலை ரயிலில் பெட்டிக்காரர்கள் வழியனுப்பு விழா வைத்தார்கள். ஜன்னல் கம்பியில் பலூன் கட்டினார்கள். மாலை போட்டார்கள். ஆளுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு. நெட்டை அங்கிள் எழுந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. அப்பாவின் நல்ல குணங்களையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அந்தக் கதைக்கு வந்தார். ரேங்க் ஷீட்டு, ஒரு வரி தள்ளிப் பார்த்தது, லட்சாதிபதி ஆனது. எல்லோரும் சிரித்தார்கள். மாலையோடு அப்பாவும் சிரித்தார்.

நான் எழுந்து நின்றேன். மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ரயில் ஆட்டத்துக்கு என்று நினைத்திருப்பார்கள்.

“அப்பா தப்பா படிக்கல” என்றேன். “அன்னைக்குப் போன்ல நான்தான் அக்ரி ரேங்க்க சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். நீங்க போட்டுக் குடுத்த கணக்கு ஒண்ணுகூட நான் படிக்கல. அப்பா எனக்காகப் பழிய அவரே வாங்கிக்கிட்டாரு.”

பேங்க் ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

“பாத்தீங்களா” என்றார் நெட்டை அங்கிள். “பொண்ணுன்னா இப்டி இருக்கணும். கடைசி நாள்ல அப்பனுக்கு தலகுனிவு வரக்கூடாதுன்னு பழிய தன் தலைல போட்டுக்குது.”

“இல்ல அங்கிள், நிஜமாவே...”

“தெரியும்மா, தெரியும். நீ உக்காரு” என்று என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அப்பாவிடம், “குடுத்து வெச்சவர்ணா நீங்க” என்றார். எதிர்ப்பக்கம் இருந்த ஒருவர் தன் மகளுக்குப் போன் போட்டு என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் மறுபடி மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல நான் இன்னும் நல்ல பெண்ணாகிக்கொண்டே போனேன்.

அப்பா மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஒயிட்ஃபீல்டில் இறங்காமல் அவரோடு கிருஷ்ணராஜபுரம் வரை போனேன். கூட்டத்தோடு மேம்பாலப் படி ஏறினோம். அவருக்கு மூச்சு வாங்கியது, பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாலையை வாங்கிக்கொண்டேன்.

“நம்ப மாட்டேங்கறாங்கப்பா” என்றேன். “நீங்களாவது ஆமான்னு சொல்லியிருக்கலாம் இல்ல?”

அவர் கீழே போகும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

“அன்னைக்கே நீ சொல்லுவேன்னு மாலூர் வரைக்கும் பாத்துனு இருந்தேன் பாப்பா. ஒயிட்ஃபீல்டு வந்துச்சி. அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்.”